முட்டையை அறுத்தது யார்?

தமிழில் ஒரு கட்டுரை உண்டு. எழுதியவர்கள் பலர் என்றாலும் கட்டுரை ஒன்றே. தீபாவளி மலர்களிலும் சிற்றிதழ்களின் கடைசிப் பக்கங்களிலும் பணி ஓய்வு பெற்றவர்களின் நினைவு நூல்களிலும் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ‘எங்கள் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர்’ என்று தொடங்கும். (எட்டு சில சமயம் ஆறாகும், சில சமயம் பதினொன்றாகும், ஆறுக்குக் கீழே இறங்குவதில்லை. ஐந்து பேராகப் பிறந்தவர்களுக்கு எழுதத் தயக்கம் போலும்.) அம்மா ஒருவனைக் கூப்பிட வாயெடுத்து, ஐந்து பெயர்களைக் கடந்து ஆறாவதாக உரிய பெயரை வந்தடைவாள். அப்பா தீபாவளிக்கு ஒரே தானில் துணி கிழித்து எல்லோருக்கும் தைத்துப் போட, தெருவில் யாரோ ‘பாண்டு வாத்தியக் குழு போகிறது’ என்பார்கள். பன்னிரண்டைத் தாண்டிய பையன் பேருந்து நடத்துநரிடம் மூன்று ஆண்டுகளாகப் பதினொன்றிலேயே நிற்பான். திருவிழாவிலிருந்து திரும்பித் தலை எண்ணினால் ஒரு தலை கூடுதலாக இருக்கும். அவித்த முட்டையை அம்மா நூலால் அறுத்து ஆளுக்குப் பாதி தருவாள். கடைசிப் பத்தியில் ஆசிரியர், அடுக்ககத்து வீட்டில் கைப்பேசியோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பேரனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். முற்றும்.

இதில் எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. சங்கரன்கோவில் பக்கத்து ஊரொன்றில் அரிசி மண்டிக் கணக்கப்பிள்ளைக்கும் பீடி சுற்றும் தாய்க்கும் பிறந்த ஆறு பேரில் ஐந்தாமவன் நான். இவை அத்தனையும் எங்கள் வீட்டிலும் நடந்தன. பாண்டு வாத்தியக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் சீருடை கத்தரிப்பூ நிறம். ஆகவே என் வழக்கு உண்மையைப் பற்றியதன்று. நூறு ஊர்களில், நூறு தொழில் செய்த வீடுகளில், நூறு விதமாக வளர்ந்த பிள்ளைகள் எழுத உட்கார்ந்ததும் ஏன் இதே ஐந்து வேடிக்கைகளை மட்டும் எழுதுகிறார்கள் என்பதே என் கேள்வி.

என் பதில் எளியது. எழுதியவர்கள் அந்த வீட்டில் பிள்ளை வளர்க்கும் வேலையைச் செய்தவர்கள் அல்லர்; வளர்க்கப்பட்டவர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குத் தெரிவது இந்த ஐந்துதான். மீதியெல்லாம் அடுக்களையிலும் கிணற்றடியிலும் தொட்டில் கட்டிய உத்தரத்துக்குக் கீழேயும் நடந்தது. அங்கே இருந்தவர்கள் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களிடம் கேட்கவுமில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை நானும் எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதை வாசித்தேன். ‘ஆறு பேரும் அரை முட்டையும்’ என்று தலைப்பு. நல்ல கைத்தட்டல். தம்பி மேடையேறுகிறான் என்று மூத்த அக்காவும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வேறுபாடு. இரவு பேருந்தில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஏல தம்பி, அந்த முட்டய அறுத்தது யாரு?”

“அம்மாதான்.”

“அம்மா எங்க அறுத்தா? அம்மா அந்நேரம் பீடித் தட்ட மடியில வச்சுக்கிட்டுல்லா இருப்பா. நாந்தாம்ல அறுப்பேன். மூணு முட்ட, ஆறு பாதி. அப்பாவுக்கு ஒரு பாதி. உங்க அஞ்சு பேருக்கு அஞ்சு.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். “அப்போ உனக்கு?”

“எனக்கு நூலு. அதுல மஞ்சக்கரு ஒட்டிருக்கும்லா.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கு முட்டையே பிடிக்காதுன்னு நீதானல எழுதிருக்க!”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் என் கட்டுரைக்கு எவரும் அப்படிச் சிரிக்கவில்லை என்பதை அந்த நேரத்திலும் கவனித்தேன். எழுதுகிறவன் புத்தி.

இங்கே நண்பர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். நகைச்சுவையில் நீதி கேட்கலாமா, சிரிக்க வந்த இடத்தில் உழைப்புக் கணக்குப் பார்க்கலாமா என்பார்கள். நான் கேட்பது நீதி அல்ல. இன்னும் நல்ல நகைச்சுவையைக் கேட்கிறேன். அரை முட்டை எல்லோரும் சொன்ன வேடிக்கை. நூல் எவரும் சொல்லாதது. ஒரே நிகழ்ச்சியின் மேலோட்டமான பாதியை நான் வைத்திருந்தேன், ஆழமான பாதி அக்காவிடம் இருந்தது. இலக்கிய அளவுகோலை மட்டும் வைத்து அளந்தாலும் என் கட்டுரை குறைப்பட்டதுதான்.

இது நம் தலைமுறையில் வந்த பழக்கமும் அன்று. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய பாட்டு ஒன்று உண்டு; பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். குழந்தை குறுநடை நடந்து வந்து தட்டில் கையிட்டு, நெய்ச்சோற்றைத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. தந்தை மயங்கி நிற்கிறான். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதை நடத்துகிறேன். அந்த நெய்ச்சோற்றைத் துடைத்தவர் யார் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. ஒரு மாணவி கேட்டாள். அரண்மனையில் ஆள் இருந்திருப்பார்கள் என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலே போதுமான உரை என்று இப்போது தோன்றுகிறது. தவிரவும் பாட்டில் இருப்பது ஒரு குழந்தை. ஐந்து குழந்தைகள் ஒரே வேளையில் நெய்ச்சோற்றைப் பூசிக்கொண்டு வந்திருந்தால் மன்னன் மயங்கியிருக்க மாட்டான், எழுந்து போர்க்களத்துக்குப் போயிருப்பான்.

பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள். பாட்டுடைத் தலைவர் ஒருவரே. இரண்டாம் பிள்ளைக்குப் பிள்ளைத்தமிழ் கிடையாது. இருந்திருந்தால் இலக்கணமே மாறியிருக்கும். இளையது செங்கீரை ஆடும்போது மூத்தது சிறுதேரை அதன் கைமேல் உருட்டியிருக்கும். அம்புலியை அழைக்க நிமிர்ந்த தாய், அந்த இடைவேளையில் சிற்றில் சிதைக்கப்பட்டதைப் பார்த்து அம்புலியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பாள். புலவர்கள் விவரம் தெரிந்தவர்கள், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். கயிலாயத்தில்கூட இரண்டே பிள்ளைகள்தாம்; ஒரு பழத்தைப் பங்கிட முடியாமல் ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு பழனிக்குப் போயிற்று. பழத்தை அறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. அக்கா ஒருத்தி இருந்திருந்தால் நூலோடு வந்திருப்பாள்.

பல பிள்ளைகள் வருகிற கதை என்றால் நமக்கு ஆதி–பகவன் கதை இருக்கிறது. வரலாறாக எவரும் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பெரும்புலவர்களுக்கு எப்படிப்பட்ட பெற்றோரைக் கற்பித்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. ஔவை, கபிலர், வள்ளுவர் உட்பட ஏழு பிள்ளைகள். பெற்ற இடத்திலேயே ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு நடக்க வேண்டும் என்பது கணவன் போட்ட நிபந்தனை. தாய் தயங்குவாள். பிறந்த பிள்ளை உடனே ஒரு வெண்பா பாடி, படியளக்க இறைவன் இருக்கிறான் என்று தாய்க்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்கும். ஏழு பிள்ளைகள், ஏழு வெண்பாக்கள், ஒரு நாள்கூட வளர்ப்பு இல்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஓர் ஆண்மகன் கண்ட கனவுகளில் இதைவிடச் செம்மையானது உலக இலக்கியத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்ற பழமொழியும் இந்த வகைதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிகுழாய்க்கு நடந்தது யார் என்று பழமொழி சொல்லாது.

இங்கே தொல்காப்பியரையும் இழுக்க வேண்டியிருக்கிறது. மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார். குழந்தைகளைப் பார்த்து வரும் சிரிப்பு இளமையில் அடங்கிவிடுகிறது. வறுமையும் அசைவும் அழுகையின் பகுதிக்குப் போய்விட்டன. அசைவுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் எதுவாயினும், தளர்ச்சி என்று கொள்ள இடமுண்டு. ஆக, இளமையைப் பார்த்துச் சிரிக்கலாம், வறுமையாலும் தளர்ச்சியாலும் அழலாம். தளர்ச்சிக்குள் நின்றுகொண்டு சிரிப்பவருக்குத் தனி இடம் சொல்லப்படவில்லை. நூற்பாவில் இடமில்லை என்பதற்காக எங்கள் அக்கா சிரிக்காமல் இருக்கவில்லை. ஆனால் பின்வந்த நாம் அந்தப் பிரிவினையை வேறொரு விதமாக எடுத்துக்கொண்டோம்: சிரிப்பு தம்பிக்கு, அழுகை அக்காவுக்கு.

சினிமாவைப் பாருங்கள். கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ 1973இல் வந்தது. வறுமையில் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போகும் குடும்பம். அதைக் காப்பாற்ற மூத்த மகள் தன்னையே விற்கிறாள். அடுத்த ஆண்டு ‘அவள் ஒரு தொடர்கதை’. அதிலும் மொத்தக் குடும்பத்தின் சுமை சம்பாதிக்கும் மகள்மேல். இரண்டும் முக்கியமான படங்கள், அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. பெரிய குடும்பத்தைத் தாங்கிய பெண்ணை நடுவில் நிறுத்தின என்பதே பெரிய காரியம். ஆனால் நிறுத்தியது கண்ணீருக்காக. இரண்டாவது படத்தில் நம்மைச் சிரிக்கவைக்கும் வேலை, பல குரலில் பேசும் பக்கத்து வீட்டு விகடகவிக்குப் போனது. கமல்ஹாசன் அந்த வேடத்தில் நடித்தார். சுஜாதா நடித்த கவிதாவின் நாக்கு கூர்மையானதுதான். அது குத்தும், விளையாடாது. தாங்குபவள் விளையாடினால் பார்ப்பவர்களுக்கு இரக்கம் குறைந்துவிடும் என்ற அச்சம் நம் கதைசொல்லிகளுக்கு எப்போதும் உண்டு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் குழந்தைகள் கதவில் தொற்றி ஏறிப் பேருந்து விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பின் நடப்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். தாய் கூலிக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் சிறுமி லட்சுமி. கி.ரா. அவளை விளையாடவும் விடுகிறார், சுமக்கவும் விடுகிறார். இரண்டும் ஒரே பிள்ளை செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் பின்னே போனால் புறநானூற்றிலேயே பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாட்டு இருக்கிறது. பசியால் அழும் மகனுக்குத் தாய் புலியைச் சொல்லிப் பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், உன் அப்பாவை நினைத்தால் முகத்தை எப்படிச் சுளிப்பாய், காட்டு பார்க்கலாம் என்கிறாள். பரிசில் கேட்கும் பாட்டு என்பதால் இதை இரக்கத்தோடு மட்டுமே நடத்திவருகிறோம். எனக்கோ அந்தக் கடைசி உத்தியில் ஒரு பெண்ணின் குறும்பு தெரிகிறது. சோறு கொண்டுவராத கணவனைப் பற்றி, அழும் பிள்ளையோடு சேர்ந்து அவள் செய்த கேலி அது. புலவர் அதை அப்படியே பாட்டில் வைத்திருக்கிறார். கேலி தன்மேல்தான் என்று தெரிந்தே வைத்திருந்தால் அவர் பெரிய மனிதர்.

அடுக்களையிலிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே ஒரு சான்று உண்டு. ‘லாட்டரி’ என்ற திகில் கதைக்காக உலகம் அறிந்த அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன், தன் பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தை 1953இல் ‘லைஃப் அமாங் தி சாவேஜஸ்’ என்ற நகைச்சுவை நூலாக எழுதினார். காட்டுமிராண்டிகள் என்பது சொந்தப் பிள்ளைகளை. அதில் ஒரு காட்சி: பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகிறார், பதிவு செய்பவர் தொழில் என்ன என்று கேட்கிறார், எழுத்தாளர் என்கிறார் இவர், இல்லத்தரசி என்றே போட்டுக்கொள்கிறேன் என்கிறார் அவர். வலிக்கு நடுவே நடக்கும் உரையாடல். ஆண் எழுதிய எந்தப் பெருங்குடும்பக் கட்டுரையிலும் இந்த வேடிக்கை வர வழியில்லை, ஏனெனில் அந்த மேசைக்கு முன்னால் அவன் வலியோடு நின்றதில்லை. அவர் பட்ட பாடு புத்தகத்தில் மறைக்கப்படவும் இல்லை, புலம்பப்படவும் இல்லை.

என் மனைவியும் கல்லூரி ஆசிரியர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருமுறை அவர் பத்து நாள் புத்தொளிப் பயிற்சிக்கு வெளியூர் போனார். ஆறு பேர் வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு இரண்டு எம்மாத்திரம் என்று வழியனுப்பினேன். முதல் நாள் மகளின் சாப்பாட்டுப் பாத்திரம் மகனின் பையிலும் மகனுடையது குளிர்பதனப் பெட்டியிலும் இருந்தன. புதன்கிழமைக்கு வேறு சீருடை என்பது வியாழக்கிழமை தெரிந்தது. வெள்ளிக்கிழமை மகன் ‘நாளைக்குக் கொடுக்க வேண்டும்’ என்று இரவு பத்து மணிக்கு எரிமலை ஒன்று செய்யச் சொன்னான். செய்தேன், அது சமையலறை மேடையில் வெடித்தது, பள்ளியில் வெடிக்கவில்லை. ஆறாம் நாள் அக்காவுக்குத் தொலைபேசி செய்து, ‘ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?’ என்று கேட்டேன். “ரெண்டுதானா?” என்றாள். பிறகு, எங்களில் நான்கு பேருக்கு ஒரே வாரத்தில் அம்மை போட்டதையும், வேப்பிலை யாருக்கு யாருடையது என்று நாங்கள் சண்டை போட்டதையும் அரை மணி நேரம் சொன்னாள். அந்தச் சண்டை எனக்கு நினைவிலேயே இல்லை. சண்டை போட்டவர்களில் நானும் ஒருவனாம்.

நிற்க. இதெல்லாம் பழங்கதை, இன்று யார் ஆறு பெறுகிறார்கள் என்று கேட்கலாம். பெறச் சொல்லும் குரல்கள் திரும்ப எழுந்தன என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது. 2024 அக்டோபரில் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் அறநிலையத்துறை நடத்திய திருமண விழாவில் மு. க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்ற நிலை வந்துவிட்டதே என்ற பொருளில் பேசினார். மண்டபம் சிரித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நாடாளுமன்றத்தில் இடம் இழக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சிலேடை அரசியல் சிலேடை என்பதும் தெரியும். பிறகு வந்த உரையாடல்தான் என்னை உறுத்தியது. இலக்கியம் படித்த நண்பர்கள்கூட, வீடு நிறையப் பிள்ளைகள் இருந்த காலம் எவ்வளவு கலகலப்பு என்று பழைய கட்டுரையை வாய்மொழியாக மறுபதிப்புச் செய்யத் தொடங்கினார்கள். பதினாறில் மூத்தது பெண்ணாக இருந்தால் அவள் எந்த வகுப்போடு நிற்பாள் என்று எவரும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பும் சிரித்தது வேறு விதமாக. 1952இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் சிவப்பு முக்கோணம் சுவரெங்கும் வந்தது. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற முழக்கத்தின் நிழலில் நிறையப் பெற்றவர்கள் அறிவிலிகளாகக் கேலிக்கு ஆளானார்கள். பெரியார் அதற்கு முன்பே கர்ப்பத்தடையை வலியுறுத்தியபோது, நாட்டுப் பொருளாதாரமோ குடும்பச் சொத்தோ தமக்குக் காரணமில்லை, பெண்கள் விடுதலை பெறவே என்றார். அந்தக் காரணம் சுவரில் எழுதப்படவில்லை. விளைவைப் பாருங்கள்: 2019–21இன் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண்களின் அறுவை 0.3. நிறையப் பெற்று வளர்த்த வேலையும் அவர்களுடையது, குறைத்துக்கொண்ட வேலையும் அவர்களுடையது. இரண்டையும் பற்றி நகைச்சுவையாகப் பேசும் வேலையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கு முந்தைய சில மாதங்கள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் போயிருக்கிறாள். அம்மா நாளைக்கு ஆயிரம் பீடி கணக்குக் காட்ட வேண்டும். கைக்குழந்தை பீடி இலையைத் தின்றுவிடும். ஆசிரியை முதலில் கண்டுகொள்ளவில்லை. வருகைப் பதிவின்போது அக்காவின் பெயரை அழைத்தால் நான் குரல் கொடுப்பேனாம். “ஏழாங் கிளாசும் எட்டாங் கிளாசும் படிச்சுட்டுத்தாம்ல நீ ஒண்ணாங் கிளாசுல சேந்த” என்பாள். நான் முதுகலை வாங்கியபோதும் அதையே சொன்னாள். 1982 கோடையில் அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. இரண்டு வயதுப் பிள்ளைகளையும் மையத்தில் விடலாம், மதியச் சோறும் உண்டு என்று ஆயிற்று. என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் பள்ளிக்குத் திரும்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் ஆறாவதும் வரவிருந்தது. இதை அவள் எப்படிச் சொல்வாள் என்றால், “எம்.ஜி.ஆரு ரெண்டு மாசம் பிந்திட்டாரு” என்பாள்.

திருவிழாவில் தலை எண்ணும்போது ஒன்று கூடுதலாக இருந்த கதையை என் கட்டுரையிலும் எழுதியிருந்தேன். சங்கரன்கோவில் ஆடித்தபசு, பெருங்கூட்டம், அப்பா வீட்டு வாசலில் நிறுத்தி எண்ணினால் ஏழு. கூட்டத்தில் கலந்து வந்துவிட்டது என்று எழுதி, அப்பா திகைத்ததை நான்கு வரி வளர்த்திருந்தேன். பேருந்து இறங்கி நடக்கும்போது அக்கா அதையும் எடுத்தாள்.

“அது கலந்துல்லாம் வரல. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்.”

பின்வீட்டில் அவள் வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் மூன்று தம்பி தங்கைகள். இருவரும் ராட்டினம் சுற்ற ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏற முடியாது. ஆகவே ஓர் ஒப்பந்தம். முதலில் அவள் சுற்றுவது, அதுவரை எல்லாப் பிள்ளைகளையும் அக்கா பிடித்துக்கொள்வது, பிறகு மாற்றிக்கொள்வது. அவள் ஏறினாள். அக்கா எட்டுப் பிள்ளைகளை ஒரு தாவணியின் இரு முனைகளுக்குள் வளைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அப்பா தேடி வந்துவிட்டார், கடைசிப் பேருந்து. பெரியவர்கள் இருவரை அங்கேயே தூணோரம் நிறுத்தி, கைக்குழந்தையை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அவ எறங்கலையா?” என்று கேட்டேன்.

“எங்க எறங்குனா? ரெண்டாவது தடவையும் சேத்துச் சுத்திக்கிட்டுல்லா இருந்தா.” மறுபடியும் அதே சிரிப்பு. “அடுத்த வருசம் நீ மொதல்ல ஏறுன்னு சொன்னா.”

“ஏறினியா?”

“அடுத்த ஆடிக்குள்ள அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டுல்லா. பிள்ளையள யாரு பிடிக்க?”